வெள்ளியும் விலங்கும்

ஏதென்ஸ் என்றதும் அறிவு, கலை, மக்களாட்சி என்று அடுக்குகிறோம். அந்நகர் எதனால் பிழைத்தது என்று கேட்கிறோமா? சாக்ரடீசின் மாணவர் செனபோன், கி.மு. 355 அளவில் எழுதிய 'வருவாய் வழிகள்' எனும் சிறுநூலைப் புரட்டுவோம்.

பிற நகரங்களுக்குத் தீங்கிழைக்காமல், சொந்த மண்ணின் வளத்தாலேயே ஏழைக் குடிமக்களை வாழ்விக்க வேண்டும் என்பது நூலின் நோக்கம். நல்ல நோக்கந்தான். அயல்நாட்டு வணிகரை ஆதரியுங்கள், துறைமுகத்தில் விடுதிகள் கட்டுங்கள், அமைதியைக் காத்திடுங்கள் என்கிறார். பாராட்டுகிறோம்.

ஆனால் அடுத்து வருவதென்ன? குடிமகன் ஒருவனுக்கு மூவர் வீதம் அரசே அடிமைகளை வாங்கி, வெள்ளிச் சுரங்கங்களுக்கு வாடகைக்கு விட வேண்டுமாம்! தலைக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபல். அதாவது டிராக்மாவில் ஆறில் ஒரு பங்கு. நிசியாஸ் எனும் செல்வர் லாரியனில் 1,000 பேரை இவ்வாறு விட்டுப் பொருளீட்டியதைச் சான்று காட்டுகிறார். களவு போகாதிருக்க அடிமைகள்மீது அரசு முத்திரையும் இடச் சொல்கிறார்!

அண்டை நகருக்கு அநீதி கூடாதென்று தொடங்கிய பேனா, அடிமைக்கு இழைக்கும் அநீதியை அநீதியென்றே எண்ணவில்லை. ஏழையின் பசி தீர்க்க, ஏழையினும் ஏழையைச் சுரங்கத்தில் தள்ளும் திட்டம் இது. ஏதென்சின் பளிங்குத் தூண்களைப் போற்றும் நாம், இந்தக் கணக்கையும் படித்தாக வேண்டும்.