சுண்ணாம்புத் தெளிநீரின் கணக்கு

பவளத் தொட்டியின் அழகை நீல விளக்கொளியில் மின்னும் நிறங்களில் தேடுவோரே மிகுதி எனினும், அதைப் பேணுபவரின் தேர்ச்சி, கல் பவளமும் ஊதாநிறச் சுண்ணப்பாசியும் நாள்தோறும் நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும் கால்சியத்தையும், அமிலத்தைத் தாங்கும் ஆற்றலாகிய காரத்தன்மையையும் அளந்து ஈடுசெய்வதில்தான் வெளிப்படுகிறது. கடலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே, கல்வராயன் மலையடிவாரத்தில் அமைந்த வடக்கனந்தலில், கடல்நீரை அடிக்கடி மாற்றிக் குறையை மறைக்கும் கடலோரத்தாரின் வசதி இல்லாததால், கணக்கு பிசகாமல் இருந்தாக வேண்டும்.

அக்கணக்கு காரத்தன்மையிலிருந்தே தொடங்குகிறது. எதையும் சேர்க்காமல் 24 மணி நேர இடைவெளியில் இருமுறை அளக்க, முதலில் 8.4 டி.கே.எச். (காரத்தன்மையின் ஜெர்மானிய அலகு) காட்டிய நீர் பின்னர் 7.9 காட்டுமானால், தொட்டியின் ஒருநாள் தேவை 0.5 ஆகும். எலும்புக்கூடு கட்டப்படும்போது 1 டி.கே.எச். குறைவதற்கு லிட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் கால்சியமும் சேர்ந்தே குறைவதால், லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் நிற்கும் கால்சியத்தில் ஒருநாள் இழப்பு கண்ணில் படுவதில்லை. அதை மட்டும் அளந்து நிறைவுகொள்வோர் தாமதமாகவே விழித்துக்கொள்கின்றனர். ஒரு துளிக்கு ஓர் அலகு காட்டும் சோதனைக் குப்பியில் மாதிரி நீரை இருமடங்காக்கி, நீலம் மஞ்சளாக மாறும் துளியைக் கவனித்தால் அரை அலகும் பிடிபடும். புட்டியின் லேபிளைப் பார்த்து ஊற்றும் இன்றைய அவசரத்தில் இந்தப் பொறுமை அருகிவருகிறது.

ஈடுசெய்யும் வழிகளுள், 1970களில் பீட்டர் வில்கன்ஸ் பரப்பிய சுண்ணாம்புத் தெளிநீருக்கு நிகரில்லை. நீற்றிய சுண்ணாம்பைத் தூய ஆர்.ஓ. நீரில் கலக்கினால் லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவே கரைய, எஞ்சியது அடியில் படிகிறது; காற்றிலுள்ள கரியமில வாயு பட்ட மேற்பரப்பில் மெல்லிய ஆடை படர்கிறது. அவ்விரண்டையும் விட்டு நடுவே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்தெடுக்க வேண்டும். அத்தெளிநீர் ஒரு லிட்டர், 100 லிட்டர் தொட்டியில் சுமார் 1.1 டி.கே.எச்.சையும் லிட்டருக்கு 8 மில்லிகிராம் கால்சியத்தையும் உயர்த்துமாதலால், அத்தொட்டியில் மேற்சொன்ன 0.5 தேவைக்கு 450 மில்லி போதும். கார வீரியம் மிக்கது என்பதால், நீரின் பி.எச். தாழும் இரவில் துளித்துளியாகவே விடவேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பின் தூய்மை உறுதியற்றது, அது வேண்டாம்.

மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டிச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கிய காலம் ஒன்றிருந்தது. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய தீவுகள் மூழ்கியதற்கு அவ்வெட்டும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. பவளத்தைத் தின்ற சுண்ணாம்பு இங்கே பவளத்துக்கு உணவாகிறது.

கால்சியம் குளோரைடும் சோடா உப்பும் இரு புட்டிகளாகத் தரும் முறையை விரும்புவோர், தெளிநீரை ஆவியாகும் நீரின் அளவுக்கு மேல் விட இயலாது என்பர். அது உண்மைதான்; ஆனால் புட்டி முறை சோடியத்தையும் குளோரைடையும் நீரில் சேர்த்துக்கொண்டே போகிறது. உள்நாட்டுக் கோடையில் விசிறி ஓடும் 100 லிட்டர் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு ஒரு லிட்டர் எளிதில் ஆவியாகிவிடும் என்பதால், 1.1 டி.கே.எச். வரை உண்ணும் தொட்டிக்கு இரு புட்டிகள் தேவையற்ற செலவே.