புணையின் இரண்டு தலைகள்

புணை என்ற சொல் வந்ததும் நம் விமர்சகர்களுக்கு ஊழ் ஞாபகம் வந்துவிடுகிறது. காரணம் கணியன் பூங்குன்றன். புறநானூற்று 192ஆம் பாட்டின் முதல் வரியை மேடைக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்; நடுவில் கல்லை அலைத்து இரைகிற ஆறும் அதன் வழியே போகிற புணையும் தத்துவக்காரர்களுக்கு மிஞ்சின. புணையில் யார் இருக்கிறார்கள் என்று பாட்டு சொல்லவில்லை. நாமாகவே ஒரு ஆளை அதில் உட்காரவைத்து, கையைக் கட்டிக்கொள்ளச் செய்துவிட்டோம். ‘எழுத்து’ காலம் தொட்டுப் புதுக்கவிதையில் மிதக்கிற படகுகள் பெரும்பாலானவற்றில் பிரயாணம் செய்பவர் இந்த ஆள்தான். அவர் கையில் துடுப்பு இருந்தாலும் அது குறியீடு. உள்ளங்கையில் காய்ப்பு விழுவதில்லை.

எனக்கு இந்தச் சந்தேகம் வலுத்தது ஓர் அமெரிக்கத் தம்பதியைப் பற்றிப் படித்தபோது. கிளென் ஹைட், பெஸ்ஸி ஹைட். 1928 ஏப்ரலில் கல்யாணம். அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று, கிளென் தானே கட்டிய, சுமார் 20 அடி நீளமுள்ள தட்டையான மரப்படகில், யூட்டா மாநிலத்தில் கிரீன் ஆற்றில் இறங்கினார்கள். அது சேர்கிற கொலராடோ ஆற்றின் வழியே கிராண்ட் கான்யன் முழுவதையும் கடப்பது திட்டம். அதற்கு முன் ஒரு பெண் அதைச் செய்ததாகப் பதிவு இல்லை. நவம்பர் 18க்குப் பிறகு அவர்களைக் கண்டவர் கிடையாது. டிசம்பர் 19 அன்று விமானத்திலிருந்து தேடியவர்கள் படகை மட்டும் கண்டார்கள். கவிழவில்லை. சாமான்கள் அப்படியே இருந்தன.

இதற்குப் பிறகு வளர்ந்த கதைகள் ஏராளம். 1971இல் அதே ஆற்றில் பிரயாணம் செய்த ஒரு கிழவி, தான்தான் பெஸ்ஸி என்று சொல்லிவிட்டுப் பின்னர் மறுத்தாள் என்பதுவரை போகிறது. மர்மம் என்று ஒன்று கிடைத்துவிட்டால் ரஸனைக்கு வேறொன்றும் தேவைப்படுவதில்லை. எனக்கு அந்த முடிவைவிட நடுவில் வந்த ஒரு நாள்தான் முக்கியமாகப் படுகிறது. சாக்டாலஜர் என்று பெயர் பெற்ற பாய்ச்சலில் துடுப்பு அடித்துக் கிளென் தண்ணீரில் விழுந்தான். படகில் தனியாக நின்ற பெஸ்ஸிதான் அவன் மறுபடி ஏறக் கைகொடுத்தாள். சில நாள் கழித்துப் பள்ளத்தாக்கின் மேல் விளிம்புக்கு ஏறி வந்தபோது இதைச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே எமரி கோல்ப் என்ற புகைப்படக்காரர் மிதவைச் சட்டை தருவதாகச் சொன்னார். வாங்கிக்கொள்ளவில்லை. கிளெனின் பிடிவாதம் இது என்று எழுதுகிறவர்கள் சரியாகவே எழுதுகிறார்கள்.

அந்தப் படகின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். முன்தலையில் ஒரு நீண்ட துடுப்பு, பின்தலையில் ஒன்று. இவை படகை முன்னே செலுத்துவதற்கு அல்ல. அதை ஆறு பார்த்துக்கொள்ளும். பாறை வருவதற்கு முன் படகைக் குறுக்கே, இடமோ வலமோ, நகர்த்துவதற்கு. படகு நீரின் வேகத்திலேயே போகிறது. அப்படிப் போவதற்கே உடம்பின் பலம் முழுவதும் செலவாகிறது. நீர் போகிற வழியில் போவது சும்மா இருப்பது என்று 192க்கு அர்த்தம் சொன்னவர்கள் எந்தப் பாய்ச்சலிலும் இறங்கியிருக்க மாட்டார்கள் என்று இதை வைத்துச் சொல்லலாம். ஊழை ஒப்புக்கொள்வதும் கையை மடக்கிக்கொள்வதும் ஒன்றல்ல என்பதைப் பூங்குன்றன் அறிந்திருந்தானா? பாட்டின் அமைதி, அறிந்தவனுடைய அமைதியாகவே எனக்குக் கேட்கிறது.

சங்கப் பாட்டிலேயே இதற்குச் சாட்சி உண்டு. குறுந்தொகை 222, சிறைக்குடி ஆந்தையார் பாடியது. தோழி புணையின் முன்தலையைப் பிடித்தால் தலைவியும் முன்தலையைப் பிடிக்கிறாள். கடைப்பக்கம் போனால் அவளும் அங்கே. புணையை விட்டுத் தோழி தண்ணீரோடு போனாலும் அவள் வந்து சேர்வாள் போலிருக்கிறது. தோழி வழியாகத்தான் இனித் தலைவியை அடைய முடியும் என்று தலைவன் உணர்வதாக உரைகள் சொல்லும். சரி. ஆனால் உரை சொல்லிவிட்டபின் புணை மறைந்துபோகிறது. புணைக்கு இரண்டு தலைகள் உண்டு, யார் எதைப் பிடிக்கிறார்கள் என்பதில் ஒரு உறவு முழுதும் இருக்கிறது என்று கண்ட கண் பெரிய கண். மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும்போது பாட்டு விளையாட்டிலிருந்து சட்டென்று ஆழத்துக்கு இறங்குகிறது.

அதே பாட்டில் தலைவியின் கண்ணுக்கு உவமை, மழைக்காலத்துப் பித்திகத்தின் ஈர மொட்டு. அதன் சிவந்த புறம். இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரனுக்கு உரை தேவையில்லை. சங்கரன்கோவிலில் படகு ஓடும் ஆறு கிடையாது. பூ மார்க்கெட் உண்டு. பித்திகம் என்பது பிச்சி. தண்ணீர் தெளித்து வைத்த மொட்டைப் புரட்டினால் வெள்ளைக்குப் பின்னால் செவ்வரி ஓடும். அழகுக்குச் சொன்ன உவமை என்று இதை விட்டுவிடுகிறார்கள். வெகுநேரம் தண்ணீரில் கிடந்த கண் அது என்று நான் படிக்கிறேன். புணை விளையாட்டு எவ்வளவு நேரம் நடந்தது என்பது அந்தச் சிவப்பில் இருக்கிறது.

இந்தப் பார்வை பின்னால் தொடரவில்லை. காவிரி கொண்டுபோன ஆட்டனத்தியைத் தேடி அலைந்த ஆதிமந்தி பரணரிடம் திரும்பத் திரும்ப வருகிறாள், அலைச்சலுக்கு உவமையாக. அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டுக் கடலில் புகுந்த மருதிக்கு ஓரிரு அடிதான். இழந்தவளைப் பாட நமக்குத் தெரிந்த அளவு, இறங்கியவளைப் பாடத் தெரியவில்லை. பிறகு பக்திக்காரர்கள் வந்து ஆற்றைப் பிறவிக் கடலாக்கிப் புணையை இறைவன் திருவடியாக்கினார்கள். புணைக்கு முன்தலை, பின்தலை இல்லாமல் போயிற்று.

பெஸ்ஸி கவிதை எழுதிப் பழகியவள். படகில் கிடைத்த அவளுடைய நாட்குறிப்பு சுருக்கமானது. கடைசிப் பதிவு நவம்பர் 30. படகின் விளிம்பில் நாளுக்கு ஒன்றாகக் கத்தியால் வெட்டிய 42 கீறல்கள் இருந்தன. கவிதைகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கீறல்களைப் பற்றியும் எண்ணிக்கையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிற ஒருவரிடம் 192ஐ வாசித்துக் காட்டி, அந்தப் புணையில் ஆள் எங்கே நிற்பான் என்று கேட்க ஆசை. எங்கள் ஊரில் அப்படி ஒருவர் கிடைக்க மாட்டார். தர்மபுரிப் பக்கத்து நண்பர்கள் யாராவது கேட்டு எழுதலாம்.