மூலிகையும் கணினியும்: எழுவாய் பற்றிய ஒரு விமரிசனம்

மறதிநோய்க்கான மூலிகை மருந்தைக் கணினி கண்டுபிடித்துவிட்டதாகக் கூறும் எழுத்துக்கள் இன்று பெருகியுள்ளன. இக்கூற்றின் எழுவாயே விமரிசனத்துக்குரியது. கணினி தருவது, தாவரச் சேர்வையொன்று புரதத்தின் குழிவிற் பொருந்தக்கூடுமா என்ற மதிப்பீடு மட்டுமே. அச்சேர்வை குருதியிலிருந்து மூளையை அடையுமா, நோயாளிக்குப் பயன்படுமா என்பவற்றை அம்மதிப்பீடு நிறுவுவதில்லை.

அல்சைமர் நோய்க்கு வழங்கப்படும் கலன்ரமீனின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். பனித்துளிப் பூச்செடியிலுள்ள இச்சேர்வை, அசற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியத்தைத் தடுப்பதைச் சோவியத் ஆய்வாளர் 1951இல் காட்டினர். பல்கேரியாவில் பஸ்கொவ் குழுவினர் அதனை மருந்தாக்கினர். ஐக்கிய அமெரிக்கா அதனை அல்சைமர் நோய்க்கு அனுமதித்தது 2001இலேயே. அதுவும் அறிகுறிகளைத் தணிக்கிறதேயன்றி நோயை நிறுத்துவதில்லை. அந்நொதியப் புரதத்தின் முப்பரிமாண அமைப்பு 1991இல் வெளியானது. அதனை இலக்காகக் கொண்ட கணினித் தெரிவும் அவ்வாய்வுகூட உழைப்பின் மீதே நிற்கிறது.

கணினியை நிராகரிப்பது எமது நோக்கமன்று. பல்லாயிரம் சேர்வைகளுள் எவற்றை முதலிற் சோதிப்பது என்பதற்கு அது வழிகாட்டும். ஆயின், செடியைச் சேகரித்தோர், சேர்வையைப் பிரித்தெடுத்தோர், சோதனைக்கு உடன்பட்ட நோயாளர் ஆகியோரை மறைத்துக் கருவியையே படைப்பாளியாக்குவது, சமூக உறவைப் பொருளின் இயல்பாகக் காணும் மயக்கமாகும். 1867இல் ‘மூலதன’த்தில் மார்க்ஸ் சுட்டிய மயக்கமும் இத்தகையதே. அதன் விலையைச் செலுத்துவோர், மதிப்பெண்ணை மருந்தென நம்பும் நோயாளரின் குடும்பத்தினரே.