பந்த்தின் பாதமும் ஆறு வாரக் கணக்கும்

2025 ஜூலை 24, மான்செஸ்டர் டெஸ்ட்டின் இரண்டாம் நாள். ஷர்துல் தாகூர் அவுட்டானதும் இந்திய விக்கெட் கீப்பர் ரிஷப் பந்த் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நொண்டியபடி இறங்கி வந்தார். முந்தைய நாள் இங்கிலாந்தின் வோக்ஸ் வீசிய பந்தை ரிவர்ஸ் ஸ்வீப் செய்யப் போய், மட்டையில் உரசிய பந்து வலது பாதத்தைப் பதம் பார்த்திருந்தது. 37 ரன்னில் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோன ஆள், மறுநாள் 54 வரை ஆடினார். ஆர்ச்சர் பந்தில் ஒரு சிக்ஸரும் அடித்தார்.

வீரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கூடுதல் 17 ரன்னைவிட, அவரால் செய்ய முடியாமல்போன வேலைதான் காயத்தின் ஆழத்தைச் சொன்னது. கீப்பிங் கையுறையை துருவ் ஜுரெல் மாட்டிக்கொண்டார். பேட்ஸ்மேன் நின்ற இடத்தில் நின்று கையை வீசலாம், அவசர ரன்களை விட்டுவிடலாம். கீப்பருக்கு அந்தச் சலுகை கிடையாது. 90 ஓவர் என்றால் 540 தடவை குந்தி எழ வேண்டும். குந்தும்போது குதிகால் தூக்கிக்கொள்ளும். உடம்புப் பாரம் முழுக்கப் பாதத்தின் முன்பகுதிக்குப் போய்விடும். விரல்களுக்குப் பின்னால் நீளவாக்கில் இருக்கும் ஐந்து மெட்டாடார்சல் எலும்புகள்தான் அதைத் தாங்குகின்றன.

‘நடக்க முடியுதே, எலும்பு உடைஞ்சிருக்காது’ என்று நம்மூரில் தைரியம் சொல்வார்கள். உடைந்த பாதத்தோடு டெஸ்ட் ஆடலாம் என்றே பந்த் காட்டிவிட்டார்! அடிபட்ட பிறகு நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே அவசியம். நடக்க முடிந்தாலும், பாதத்தின் வெளிவிளிம்பில் துருத்தியிருக்கும் எலும்பையோ உள்பக்க நடுப்பகுதியையோ அழுத்தும்போது வலித்தால் எடுத்தே ஆக வேண்டும். ஓடி ஓடி எலும்பில் விழும் மெல்லிய கீறலோ முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயிலேயே தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐதான் காட்டிக்கொடுக்கும்.

பந்த்துக்கு ஆறு வாரம் ஓய்வு என்று செய்திகள் வந்தன. இந்திய கிரிக்கெட் வாரியத்தின் அறிவிப்போ வலது பாதத்தில் எலும்பு முறிவு என்பதோடு நின்றது. எந்த எலும்பு, அதில் எந்த இடம் என்று கேட்காமல் வாரக் கணக்குப் போடுவது வீண் வேலை.

2002 ஏப்ரல் 10 அன்று டெப்போர்டிவோ அணியின் டுஷர் மோதியதில் இங்கிலாந்து கால்பந்து வீரர் டேவிட் பெக்காமின் இடது பாதத்தில் இரண்டாவது மெட்டாடார்சல் முறிந்தது. இந்த எலும்புக்கு இருபுறமும் அண்டை எலும்புகள் துணை. முறிந்த முனைகள் விலகாமல் இருந்தால் பெரும்பாலும் கத்தி வைக்க வேண்டியதில்லை. கெட்டியான பூட், பாரம் குறைத்த நடை, பொறுமை போதும். ஏழரை வாரத்தில், ஜூன் 2 அன்று உலகக் கோப்பையில் சுவீடனுக்கு எதிராக இறங்கினார் பெக்காம். முழு ஆட்டமும் தாக்குப்பிடிக்கவில்லை, பாதியில் வெளியேறினார். எலும்பு கூடிவிட்டது, கால் தயாராகவில்லை.

சுண்டுவிரல் பக்கத்து ஐந்தாவது மெட்டாடார்சலின் கதை வேறு. கணுக்கால் பிசகும்போது அதன் அடிநுனி பிய்ந்தால் பூட்டிலேயே ஆறிவிடும். அதிலிருந்து சற்றே முன்னால் தள்ளி முறிந்தால் வம்பு. ரத்த ஓட்டம் மெலிந்த பகுதி அது. இதற்கு ‘ஜோன்ஸ் முறிவு’ என்று பெயர். நடனமாடும்போது தன் காலையே இப்படி முறித்துக்கொண்ட மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ் 1902-ல் இதைப் பற்றி எழுதினார். விளையாட்டு வீரர்களுக்கு இங்கே பெரும்பாலும் எலும்புக்குள் நீள ஸ்க்ரூ போடுகிறார்கள். அதுவும் உத்தரவாதமில்லை. 2014 அக்டோபரில் கூடைப்பந்து வீரர் கெவின் டுராண்ட் இதே ஸ்க்ரூ போட்டுக்கொண்டு டிசம்பர் தொடக்கத்திலேயே ஆட வந்துவிட்டார். பிறகு ஸ்க்ரூ உறுத்தி இரண்டாவது அறுவை, மார்ச்சில் எலும்பு ஒட்டு வைத்து மூன்றாவது அறுவை. அந்த சீசனில் ஆடியது 27 ஆட்டம்தான். கால்பந்து வீரர் நெய்மருக்கு 2018 பிப்ரவரியில் வலது பாதத்தின் இதே எலும்பு முறிந்து, மார்ச்சில் அறுவை நடந்தது. அடுத்த ஜனவரியில் அதே இடம் மறுபடியும் காயப்பட்டது.

அந்த வகையில் பந்த் விஷயத்தில் அவசரம் காட்டாததைப் பாராட்டலாம். ஓவல் டெஸ்ட்டுக்கு அவருடைய இடத்துக்கு நம்ம தமிழ்நாட்டு கீப்பர் ஜெகதீசனை அழைத்தார்கள் (ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை, பாவம்). பந்த்துக்கு ஆசியக் கோப்பை ஆட்டங்கள் போயின, வெஸ்ட் இண்டீஸ் தொடரும் போனது. அக்டோபர் 30 அன்றுதான், ஏறத்தாழ 14 வாரம் கழித்து, பெங்களூருவில் இந்தியா ‘ஏ’ அணிக்குத் தலைமையேற்று வந்தார். இரண்டாவது இன்னிங்ஸில் 90 ரன். தலைப்புச் செய்தி அந்த 90-க்குத்தான் போனது. நவம்பர் 14 அன்று கொல்கத்தா டெஸ்ட்டில், ஸ்டம்புக்குப் பின்னால் மறுபடியும் குந்தினார்.