கடன்பட்டவரின் எழுத்து: ரிக் பிராக்கின் தன்வரலாற்றில் தாய்

தன்வரலாறு எழுதுவோர் தம்மையே நடுவில் நிறுத்துவது அவ்விலக்கிய வகையின் இயல்பு. பெற்றோர் தொடக்க இயல்களில் தோன்றி மறைவர். அமெரிக்க இதழாளர் ரிக் பிராக் 1997-இல் வெளியிட்ட 'ஆல் ஓவர் பட் தி ஷவுட்டின்' என்னும் நூல் இம்மரபிலிருந்து விலக முயல்கிறது. தாய்க்குப் பட்ட கடனைச் சொல்வதே அதன் நோக்கம். கடன்பட்டவர் எழுதும்போது, அக்கடனுக்கு உரியவர் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறார் என்பதே இங்கு எழும் வினா.

பிராக் 1959-இல் பிறந்தவர். அலபாமா மாநிலத்தின் வடகிழக்கில், அப்பலாச்சிய மலைகளின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர்களே நூலின் களம். பருத்தி வயல்களையும் பஞ்சாலைகளையும் நம்பி வாழ்ந்த ஏழை வெள்ளையர் அவருடைய சுற்றத்தார். தந்தை கொரியப் போரில் பங்கேற்றுத் திரும்பியவர். குடிக்கு அடிமையாகிக் குடும்பத்தைப் பலமுறை கைவிட்டவர். மூன்று ஆண்மக்களை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் தாய் மார்கரெட்டைச் சேர்ந்தது. அவர் பிறர் வயலில் பருத்தி எடுத்தார். பிறர் துணிகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்தார்.

இவ்வுழைப்பைக் காட்டும் இடங்களிலேயே நூல் உயர்ந்து நிற்கிறது. தாய் வயலில் இழுத்துச் செல்லும் நீண்ட பருத்திச் சாக்கின்மேல் சிறுவன் அமர்ந்து வரும் காட்சி அவற்றுள் முதன்மையானது. குழந்தைக்கு அது சவாரி. தாய்க்கு அது பருத்தியின் எடையோடு கூடிய மற்றோர் எடை. குழந்தையின் மகிழ்ச்சியும் வளர்ந்த மகனின் குற்ற உணர்வும் ஒரே காட்சிக்குள் இயங்குகின்றன. ஆசிரியர் இங்குத் தாயைப் புகழவில்லை. புகழ வேண்டிய தேவையும் எழவில்லை. பிள்ளைகள் நல்ல உடையுடன் பள்ளி செல்லவேண்டும் என்பதற்காக அவர் 18 ஆண்டுகள் தமக்கெனப் புத்தாடை வாங்கவில்லை என்னும் செய்தியும் இத்தகையதே. அடைமொழிகள் பல சேர்ந்தும் செய்ய இயலாததை ஓர் எண் செய்துவிடுகிறது. இது செய்தியாளரின் பயிற்சி தந்த திறன்.

இத்திறன் எல்லா இயல்களிலும் செயற்படவில்லை. தாயின் பெருமையை நேரே உரைக்கும் பகுதிகளில் மொழி தளர்கிறது. அவர் மனிதராகத் தோன்றாமல் திருவுருவாக மாறிவிடுகிறார். அவருக்குச் சினம் உண்டா? தமக்கென ஆசைகள் இருந்தனவா? தம்மைக் கைவிட்ட கணவரிடம் அவர் ஏன் மீண்டும் மீண்டும் திரும்பிச் சென்றார்? இவ்வினாக்களை நூல் தொட்டுச் செல்கிறதேயன்றித் துருவவில்லை. தாயை நோகச் செய்யக் கூடாது என்னும் மகனின் தயக்கம் அதற்குக் காரணமாகலாம். அத்தயக்கம் மதிக்கத்தக்கது, ஆனால் அதன் விலையைக் கொடுப்பது நூலே.

இதற்கு மாறாகத் தந்தை உயிர்ப்புடன் விளங்குகிறார். நோயுற்று இறக்கும் தறுவாயில் இருந்த அவரை, பதின்பருவ மகன் காணச் செல்லும் பகுதி நூலின் மிகச் சிறந்த பகுதி எனலாம். கொரியாவின் குளிரையும் அங்கு நேர்ந்த கொலையையும் அவர் சொல்கிறார். பின்னர் மகனுக்கு ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களைக் கொடுக்கிறார். குடும்பத்திற்கு எதுவுமே தராதவர் எழுத்தாளனுக்கு உரிய கொடையைத் தந்து செல்கிறார். வெறுப்போடு அணுகிய பாத்திரம் முரண்களால் முழுமை பெற, அன்போடு அணுகிய பாத்திரம் ஒற்றை நிறத்தில் நின்றுவிடுகிறது.

வறுமையைப் பேசும் நூல்கள் தம் மக்களின் குறைகளை மறைப்பதுண்டு. பிராக் அவ்வாறு செய்யவில்லை. கறுப்பினச் சிறுவர்மீது தாமும் பிறரும் கல்லெறிந்ததை ஒப்புக்கொள்கிறார். தந்தை கைவிட்டுச் சென்ற ஒரு காலத்தில், அக்கறுப்பினத்தாருள் ஒரு குடும்பமே மக்காச்சோளம் கொடுத்தனுப்புகிறது. நிகழ்ச்சியைச் சொல்லும் பக்கங்கள் மிகச் சில. கடனின் கணக்கு வீட்டிற்கு வெளியேயும் விரிகிறது என்பதை உணர்த்தும் இப்பகுதியை ஆசிரியர் இன்னும் வளர்த்திருக்கலாம்.

மொழிநடையும் கருதத்தக்கது. நூற்பெயரே வட்டார வழக்கு. 'ஷவுட்டிங்' என்பதன் இறுதி ஒலி தென்மாநிலப் பேச்சில் தேய்ந்து 'ஷவுட்டின்' ஆகியுள்ளது. காரியம் முடிந்தது, ஆரவாரம் மட்டுமே மிச்சம் என்பது அத்தொடரின் பொருள். கல்லாமையின் அடையாளமாக ஏளனம் செய்யப்பட்டுவந்த மலைப்புறப் பேச்சு, இங்கு உரையாடலில் மட்டுமன்றி எடுத்துரைப்பிலும் கலந்து, நுண்ணிய உணர்வுகளைத் தாங்கி வருகிறது.

'நியூயார்க் டைம்ஸ்' இதழில் பணியாற்றியபோது 1996-இல் பிராக் புலிட்சர் பரிசு பெற்றார். மிசிசிப்பி மாநிலத்தில் துணி துவைத்துச் சேமித்த 1,50,000 டாலரைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கிய ஒசியோலா மெக்கார்ட்டி என்னும் மூதாட்டியைப் பற்றி 1995-இல் அவர் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. சலவைத் தொழிலாளியின் கைகளை அவர் எங்கிருந்து அறிந்தார் என்பதை இத்தன்வரலாறு விளக்குகிறது. பிறர் உழைப்பை இவ்வளவு நுட்பமாகக் கண்டவர், 2003-இல், ஊதியமற்ற உதவியாளர் ஒருவர் திரட்டிய செய்திக்கு உரிய குறிப்பில்லாமல் கட்டுரை வெளியானதைப் பற்றிய சர்ச்சையில் அவ்விதழிலிருந்து விலக நேர்ந்தது முரண்.

நூலின் இறுதியில் விமானமே ஏறியறியாத தாய் நியூயார்க் பரிசளிப்பு விழாவுக்கு வருகிறார். சொந்த வீடு இல்லாதிருந்த அவருக்கு மகன் ரொக்கம் கொடுத்து ஒரு வீடு வாங்கித் தருகிறார். கடன் தீர்ந்த நிறைவு அவ்விடத்தில் தென்படுகிறது. ஆயினும் பிராக் அங்கே நிற்க இயலவில்லை. 2008-இல் தந்தையைப் பற்றித் தனி நூல் எழுதினார். 2018-இல் வெளியான 'தி பெஸ்ட் குக் இன் தி வேர்ல்ட்' தாயின் சமையலைப் பற்றியது. அளவுக் கரண்டியும் எழுதிவைத்த குறிப்பும் இன்றிச் சமைப்பவர் அவர்; அவருடைய பக்குவங்களை எழுத்தில் கொண்டுவர மகன் அவரிடம் கேட்டுக் கேட்டு அறிய வேண்டியிருக்கிறது. முதல் நூலில் தியாகத்தால் மட்டும் அறியப்பட்ட பெண், இங்குத் தம் கைத்திறனில் உறுதியுடையவராய்ப் பேசுகிறார். மகன் கேட்பவராக அமர்கிறார்.