சித்திரக்கதையும் ஒப்பாரிக் கோச்சியும்

சித்திரக்கதையைச் சிறுவர்க்கான பொழுதுபோக்கெனப் புறந்தள்ளும் வழக்கம் நமது திறனாய்வுலகில் நெடுங்காலமாக உண்டு. அதன் ஆக்கமுறையை நுணுகி நோக்காமையே இதற்குக் காரணம் என நாம் கருதுகின்றோம்.

கணினி வருமுன் சித்திரக்கதையாளர் முதலில் தாளை மடித்து மாதிரி நூலொன்றை அமைத்துக்கொள்வர். எப்பக்கத்தில் எத்தனை கட்டம், எக்கட்டத்திற் பேச்சு, எதில் மௌனம் என்பன பென்சிலால் அதிலேயே தீர்மானிக்கப்பட்டன. பின்னரே, அச்சளவினும் பெரிய அட்டையில் தொடுபேனா, தூரிகை, இந்தியன் மை கொண்டு படம் வரையப்பட்டது. ஒளிப்படக் கருவி அதனைச் சுருக்கி அச்சுக்கு மாற்றியது. சொல்லுக்குரிய இடமும் படத்துடனேயே திட்டமிடப்பட்டது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் தொடங்கியது. அக்கதை 1962இல் பிரித்தானிய ‘வேலியன்ட்’ இதழில் தோன்றியது. ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. அதன் விறுவிறுப்பை நாம் மறுக்கவில்லை. ஆயின், பேச்சுக் கூடுகள் ஆங்கிலத்துக்கென அளவிடப்பட்டவை. விகுதிகள் ஏறி நீளும் தமிழ்ச் சொற்கள் அவற்றுள் ஒடுங்க வேண்டியிருந்தன. மாறாக, ‘சிரித்திரன்’ ஆசிரியர் சுந்தர் எனும் சி. சிவஞானசுந்தரம், சவாரித் தம்பரைத் தாமே வரைந்து தாமே பேசவைத்தார். யாழ்ப்பாணப் பேச்சும் கோடும் அங்கு ஒரே கையினின்று பிறந்தன.

ஊவாத் தோட்டங்களின் வாழ்வும் அத்தகைய கையை வேண்டி நிற்கின்றது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்குச் சென்ற குடும்பங்களை ஏற்றிய புகைவண்டியை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். பதுளையிலிருந்து மேலேறும் வண்டி, தெமோதரை நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடு சென்று, குன்றைச் சுற்றி, அதன் பின்னரே நிலையத்தை அடையும். பதுளையில் ஏறிவிட்ட தமக்கையைக் கடைசியாகக் காண அம்மேடையில் நிற்கும் ஒருத்தியை எண்ணுவோம். முதற் கட்டத்தில் வண்டியின் ஒலி அவள் காலடியில். மூன்றாங் கட்டத்தில் வண்டி அவள் முன்னே. இடைக் கட்டத்தில் அவள் முகம் மட்டுமே; பேச்சில்லை. உரைநடை பல தொடர்களில் விளக்கவேண்டிய அக்காத்திருப்பைக் கட்டங்களுக்கு இடைப்பட்ட வெள்ளை வெளி உணர்த்திவிடும்.

இதற்கு வேண்டியவை தாளும் பேனாவும் மையுமே. பிறர் படத்துக்குச் சொல் தேடுவதோடு அமையாது, லயத்து வாழ்வுக்குரிய படத்தையும் சொல்லையும் ஒருங்கே திட்டமிடுதல் வேண்டும். எழுத்தறியும் வாய்ப்பு மறுக்கப்பட்ட தலைமுறையினரும் தம் கதையைத் தாமே படிக்க அது வழிசெய்யும் என்பது எமது துணிபு.