புளிமாமரம்: பி. லங்கேஷும் அவர் நடத்திய வாரப் பத்திரிகையும்

பி. லங்கேஷ் 1990களில் எழுதிய ‘குணமுக’ நாடகத்தில், டில்லியைப் பிடித்துவிட்ட நாதிர் ஷாவுக்கு உடம்பு சரியில்லை. வைத்தியர்கள் வருகிறார்கள். அரசனின் முகக்குறிப்பைப் பார்த்து, அவன் எதைக் கேட்க விரும்புகிறானோ அதைச் சொல்லிவிட்டு உயிரோடு திரும்பப் பார்க்கிறார்கள். ஹக்கீம் அலவிகான் ஒருவர்தான் நோயின் வேரைத் தொடுகிறார். அரசன் செய்த கொடுமைகளும், அவற்றால் அவனைச் சூழ்ந்துவிட்ட தனிமையும்தான் நோய் என்பதை அவனுக்கே புரியவைக்கிறார். ‘குணமுக’ என்ற கன்னடச் சொல்லுக்கு நோயிலிருந்து தேறி வருதல் என்று பொருள். நாடகத்தை எழுதிய காலத்தில் லங்கேஷ் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரு வாரப் பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார். வாரம் தவறாமல் அரசாங்கத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்து, கண்டதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அந்த ஹக்கீமின் இருக்கை அவருக்கு நன்றாகத் தெரிந்த இடம்.

லங்கேஷைப் பற்றிப் பேசும்போது இரண்டு பேரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஒருவர் கவிஞர், சிறுகதைக்காரர், நாடகாசிரியர், திரைப்பட இயக்குநர். இன்னொருவர் முதலமைச்சர்களை நடுங்க வைத்த பத்திரிகைக்காரர். 1980இல் முதலாமவர் ஓய்ந்துபோய் இரண்டாமவர் பிறந்தார் என்பதுபோல விமரிசகர்களும் எழுதுகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. அந்தப் பத்திரிகையைக் கன்னடத்தின் பெரிய இலக்கிய நிகழ்வுகளில் ஒன்றாகவே பார்க்க வேண்டும். சிறுகதைக்குப் பழகிய கண் ஒன்று, தாலுகா அலுவலகத்தையும் சட்டசபையையும் பார்க்கத் திரும்பியது. அவ்வளவுதான் நடந்தது, அதுவே பெரிய காரியமாக இருந்தது.

1935 மார்ச் 8ஆம் நாள் சிவமொக்கா மாவட்டத்துக் கொனகவள்ளியில், வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்தார் லங்கேஷ். ஆங்கில இலக்கியம் படித்து, ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியரானார். முதல் சிறுகதைத் தொகுப்பு 1963இல் வந்தது. கோபாலகிருஷ்ண அடிகர் வழியாகக் கன்னடத்தில் ‘நவ்ய’ இயக்கம் உச்சத்தில் இருந்த காலம் அது. 1970இல் லங்கேஷ் தொகுத்த ‘அக்ஷர ஹொஸ காவ்ய’, அந்தப் புதுக்கவிதைக்கு ஓர் அடையாளத் தொகுப்பாக அமைந்தது. போதலேரின் கவிதைகளை ‘பாபத ஹூகளு’ என்று கன்னடத்துக்குக் கொண்டுவந்தார். சோபாக்ளிஸின் ஈடிபஸையும் ஆன்டிகனியையும் மொழிபெயர்த்தார். இவ்வளவு தூரம் படித்துப் போனவர் தன் சொந்த மொழியில் எழுதும்போது எந்த மண்ணில் நின்றார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

‘அவ்வ’ என்ற அவருடைய கவிதை கன்னடம் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். தாயைப் பற்றிய கவிதை. ஆனால் தாய்மையைப் பாடுகிறேன் என்று கிளம்பும் கவிதைகளில் வரும் தாய் இவள் அல்லள். புராணத்துப் பத்தினிகளின் வரிசையில் அவளை நிறுத்த மகன் மறுத்துவிடுகிறான். மண்ணும் மாடும் வயலும் வீடுமாக உழைத்து, ஏசி, சண்டையிட்டு, பிள்ளைகளைக் காப்பாற்றிப் போய்ச் சேர்ந்த ஒரு பெண்ணை உள்ளபடி காட்டுகிறான். அழகுபடுத்தாததே அந்தக் கவிதையின் அன்பு. பின்னாளில் பத்திரிகையில் அவர் ஒரு கிராமத்தைப் பற்றி எழுதினாலும், ஓர் அரசியல்வாதியைப் பற்றி எழுதினாலும், இதே பார்வைதான் வேலை செய்தது. பூச்சில்லாமல் பார்ப்பதை அவர் தன் தாயிடம் தொடங்கினார்.

‘சங்க்ராந்தி’ நாடகத்தையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். களம் 12ஆம் நூற்றாண்டுக் கல்யாண நகரம். பசவண்ணரின் சரண இயக்கம் சாதியை உடைக்கப் பார்க்கிறது. அரசன் பிஜ்ஜளன் பார்த்துக்கொண்டிருக்கிறான். தலித் இளைஞன் ருத்ரனும் பிராமணப் பெண் உஷாவும் விரும்புகிறார்கள். ருத்ரன் சரணனாகி, பேச்சும் நடையும் மாறி, ‘திருந்தி’ வந்து நிற்கும்போது, தான் விரும்பிய ருத்ரன் இவன் இல்லையே என்று உஷா திகைக்கிறாள். சீர்திருத்தம் ஒரு மனிதனிடமிருந்து எதைப் பறித்துக்கொள்கிறது என்ற கேள்வியை, சீர்திருத்தத்தின் பக்கம் நின்றுகொண்டே கேட்ட நாடகம் இது. பசவண்ணரைப் போற்றும் சமூகத்தில் பிறந்த ஒருவர் இதைக் கேட்டார் என்பது சாதாரணமன்று.

திரைப்படத்திலும் இருந்தார். 1970இல் வெளிவந்த ‘சம்ஸ்கார’ படத்தில் நாரணப்பாவாக நடித்தார். அவர் இயக்கிய முதல் படமான ‘பல்லவி’ சிறந்த இயக்கத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. மேலும் சில படங்கள் எடுத்தார். விருதும் பெயரும் வந்தன. வீட்டுக்குப் பணம் வரவில்லை. ஆசிரியர் வேலையையும் விட்டுவிட்ட அந்த நாட்களில், மனைவி இந்திரா நடத்திய சேலைக் கடையின் வருமானம்தான் குடும்பத்தைத் தாங்கியது. பின்னாளில் இந்திரா லங்கேஷ் எழுதிய ‘ஹுளி மாவு மத்து நானு’ நூலைப் படிப்பவர்களுக்கு, ஓர் எழுத்தாளனின் சுதந்திரத்துக்கு வீட்டில் யார் விலை கொடுக்கிறார்கள் என்பது தெரியவரும். லங்கேஷின் தன்வரலாற்றுக்குத் தலைப்பு ‘ஹுளி மாவின மர’. புளிக்கும் காய் காய்க்கும் மாமரம். இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும்.

1980 ஜூலையில் ‘லங்கேஷ் பத்ரிகெ’ தொடங்கியது. கறுப்பு வெள்ளை, செய்தித்தாள் காகிதம், டேப்லாய்டு அளவு. கெட்டிக்காரர்களான ஆண்களும் பெண்களும் படிக்கும் பத்திரிகை என்று பொருள்படும் ‘ஜாண ஜாணெயர பத்ரிகெ’ என்ற வரி அதன் அடையாளமாக இருந்தது. ‘ஜாண’னோடு ‘ஜாணெ’யையும் தலைப்பின் அருகிலேயே வைத்ததைச் சும்மா கடந்துவிட முடியாது. பெண்களுக்குத் தனிப்பக்கம் ஒதுக்கி, அதில் கோலமும் சமையலும் போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

விளம்பரம் கிடையாது. இதைக் கொள்கை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அதன் கணக்கு பிடிபடாது. பெரும்பாலான பத்திரிகைகளுக்குக் கடையில் விற்கும் விலை அச்சுக்கூலிக்கே போதாது. மிச்சத்தை விளம்பரம் ஈடுகட்டுகிறது. அந்த விளம்பரத்தில் ஒரு பங்கு அரசாங்கத்தினுடையது. எழுத்து பிடிக்காவிட்டால் அரசாங்கம் வழக்குப் போட வேண்டியதில்லை, விளம்பரத்தை நிறுத்தினால் போதும். லங்கேஷ் அந்தக் கயிற்றைத் தன் கழுத்தில் மாட்டிக்கொள்ளவே இல்லை. வாசகன் கொடுக்கும் காசில்தான் காகிதம் வாங்க வேண்டும், அச்சடிக்க வேண்டும், நிருபருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு வாரமும் பத்திரிகை விற்றே தீர வேண்டும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பத்திரிகை தொடங்கியபோது ஆர். குண்டுராவ் முதலமைச்சர். நெருக்கடி நிலைக்குப் பின்னும் காங்கிரஸ் கர்நாடகத்தில் அசைக்க முடியாத கட்சியாக இருந்தது. தொடக்க இதழ்களிலிருந்தே லங்கேஷ் அந்த ஆட்சியை விடாமல் எழுதினார். 1983 தேர்தலில் காங்கிரஸ் தோற்று, ராமகிருஷ்ண ஹெக்டே தலைமையில் மாநிலத்தின் முதல் காங்கிரஸ் அல்லாத அரசு அமைந்தது. பத்திரிகைதான் ஆட்சியைக் கவிழ்த்தது என்று சொல்பவர்கள் உண்டு. விவசாயிகளின் எழுச்சி, மொழிப் போராட்டம், தலித் சங்கங்களின் வளர்ச்சி எல்லாம் சேர்ந்த தேர்தல் அது. ஒரு வாரப் பத்திரிகையின் கணக்கில் முழுவதையும் எழுத முடியாது. நான் முக்கியமாக நினைப்பது வேறு: ஹெக்டே வந்த பிறகும் லங்கேஷ் சும்மா இருக்கவில்லை. புதிய ஆட்சியின் ஊழல்களையும் அதே பக்கங்களில் எழுதினார். நண்பர்கள் அதிகாரத்தில் அமர்ந்தபோதுதான் பத்திரிகையின் தரம் உண்மையில் சோதிக்கப்பட்டது.

இங்கே டி. வி. குண்டப்பாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1887இல் முல்பாகலில் பிறந்த டி.வி.ஜி.யும் முதலில் பத்திரிகைக்காரர்தான். ‘மங்குதிம்மன கக்க’ எழுதிய கவிஞராக மட்டுமே இன்று நினைக்கப்படுகிறார். மைசூர் சமஸ்தானம் 1908இல் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் கொண்டுவந்தபோது எதிர்த்தவர்; பிறகு ‘கர்நாடகா’ என்ற ஆங்கில ஏட்டை நடத்தியவர். அவருடைய எழுத்து, திவானுக்குப் பக்கத்தில் அமர்ந்து நிதானமாக எடுத்துச் சொல்லும் ஆலோசகரின் எழுத்து. லங்கேஷ் அந்த நாற்காலியில் அமரவில்லை. வாசலில் நிற்பவர்களோடு நின்று பேசினார். இருவரையும் இணைப்பது ஒன்றுதான்: பத்திரிகை மொழியும் இலக்கியமே என்ற நம்பிக்கை.

அந்த மொழி எப்படி இருந்தது? அரசாங்க அறிக்கையின் சமஸ்கிருதக் கன்னடம் இல்லை. பேராசிரியர் கன்னடமும் இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள். ஓர் அமைச்சரைப் பற்றிய குறிப்பில் அவருடைய கொள்கைக்கு முன்னால் அவர் உட்காரும் விதம் வந்துவிடும். ‘டீகெ டிப்பணி’ என்ற தலைப்பில் வந்த அவருடைய பத்திகளைச் சிறுகதைகளின் அடுத்த வீடு என்றே சொல்வேன். அரசியல் செய்திக்குப் பக்கத்திலேயே ‘நீலு’ என்ற பெயரில் குறுங்கவிதைகள் வந்தன. நீலு ஒரு கற்பனைப் பெண். காதல், காமம், முதுமை, மரணம் பற்றி மூன்று நான்கு வரிகளில் பேசுவாள். சர்க்கரை ஆலை ஊழலைப் படிக்க வாங்கியவர் நீலுவையும் படித்தார். கவிதை வாசகர் என்று தம்மை ஒருநாளும் எண்ணிக்கொள்ளாதவர்களிடம் கவிதை போய்ச் சேர்ந்தது. நவ்ய இயக்கத்தின் சிறுபத்திரிகைகளால் முடியாதது இது.

படிப்பவர்களைச் சேர்த்ததைவிட எழுதுபவர்களைச் சேர்த்ததுதான் பெரிது. காசர்கோட்டில் பிறந்து, வீட்டில் மலையாளம் பேசி, பள்ளியில் கன்னடம் படித்தவர் சாரா அபூபக்கர். அவருடைய முதல் நாவலான ‘சந்திரகிரிய தீரதல்லி’யை லங்கேஷ் தொடராக வெளியிட்டார். தகப்பனின் பிடிவாதத்தால் மணவிலக்குக்கு உள்ளான நாதிரா, அதே கணவனோடு மீண்டும் சேர வேண்டுமானால் இன்னொருவனை மணந்து அவனோடு ஓரிரவு கழிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு முன் நிறுத்தப்படுகிறாள்; பள்ளிவாசல் குளம் அவளுடைய முடிவாகிறது. முஸ்லிம் வீட்டின் உள்ளறை கன்னட நாவலுக்குள் ஒரு பெண்ணின் குரலில் வந்தது. தி. சு. சதாசிவம் மொழிபெயர்ப்பில் ‘சந்திரகிரி ஆற்றங்கரையில்’ என்று தமிழிலும் இதைப் படித்திருக்கிறோம். அந்த மொழிபெயர்ப்புக்குச் சாகித்திய அகாதெமி பரிசும் கிடைத்தது. ஒரு வாரப் பத்திரிகை ஆசிரியர் ஒரு புதியவரை நம்பிப் பக்கம் ஒதுக்கியதில் தொடங்கி நம் கைக்கு வந்த புத்தகம் அது.

ஹாசனைச் சேர்ந்த பானு முஷ்தாக்கும் லங்கேஷ் பத்ரிகெயில் நிருபராக இருந்தவர். பிறகு வழக்கறிஞரானார். தீபா பஸ்தியின் மொழிபெயர்ப்பில் வெளிவந்த ‘ஹார்ட் லாம்ப்’ தொகுப்புக்கு 2025இல் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தபோது, சிறுகதைத் தொகுப்பு ஒன்று அந்தப் பரிசைப் பெறுவது அதுவே முதல்முறை. அவருடைய கதைகளில் மசூதிக் கமிட்டி, மருத்துவமனை, நீதிமன்றப் படி எல்லாம் துல்லியமாக இருக்கின்றன. வக்கீல் தொழில் தந்த துல்லியம் என்கிறார்கள். நிருபராக அலைந்த நாட்களுக்கும் அதில் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். வாசகன் காசில் மட்டுமே நடக்கும் பத்திரிகைக்கு ஓர் ஆபத்து உண்டு என்றேன் அல்லவா? வாசகன் ரசிப்பதைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம்தான் அது. லங்கேஷின் கேலி பல நேரங்களில் ஆளைக் குத்தியது, செயலைக் குத்தவில்லை. பட்டப்பெயர்கள் வைத்தார், அவை ஊரெங்கும் ஒட்டிக்கொண்டன. சக எழுத்தாளர்களோடு, நெருங்கிய நண்பர்களாக இருந்தவர்களோடுகூட, அச்சிலேயே சண்டையிட்டார். அவருக்குப் பின்னால் கன்னடத்தில் அதே அளவு, அதே காகிதம், அதே கறுப்பு வெள்ளையில் டேப்லாய்டுகள் கிளம்பின. பலவும் கொலைச் செய்தியையும் படுக்கையறையையும் எடுத்துக்கொண்டன. கதைக்காரனின் கண்ணை எடுத்துக்கொள்ள அவற்றால் முடியவில்லை. வடிவத்தைக் கண்டுபிடித்தவரை அதன் போலிகளுக்குப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. ஆனால் அந்த வழுக்கல் அவருடைய பத்திரிகையிலும் சில பக்கங்களில் தெரிந்தது என்பது எனக்கு வருத்தம்.

இத்தனை வாரக் கெடுவுக்கு நடுவில் அவர் படைப்பை நிறுத்தவும் இல்லை. சேரிச் சிறுவன் ஒருவன் தன் அக்காளைப் பற்றிச் சொல்லும் ‘அக்க’ நாவல் 1990களின் தொடக்கத்தில் வந்தது. மகள் கவிதா அதைத்தான் ‘தேவீரி’ என்று படமாக்கினார். ‘கல்லு கரகுவ சமய’ தொகுப்புக்கு 1993இல் சாகித்திய அகாதெமி விருது. கல் கரையும் நேரம் என்று பொருள்படும் அந்தத் தலைப்பு, கடிந்தே பேசிப் பழகிய அந்த மனிதரின் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது.

2000 ஜனவரி 25ஆம் நாள் லங்கேஷ் இறந்தார். ஆங்கிலப் பத்திரிகைகளிலும் டில்லியில் தொலைக்காட்சியிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்த மூத்த மகள் கௌரி, பெங்களூர் வந்து ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது 38. அதுவரை எழுதியதெல்லாம் ஆங்கிலம். அப்பாவின் கன்னடத்தோடு ஒப்பிடப் பல்லாயிரம் பேர் காத்திருந்த இடத்தில், அவர் கன்னடத்தில் எழுதக் கற்றுக்கொண்டார். அப்பாவின் நயம் வரவில்லை என்று பலர் சொன்னார்கள். வரவில்லைதான். ஆனால் அப்பா எழுத்தில் நின்ற இடங்களில் மகள் போராட்டக் கூட்டங்களில் நேரில் போய் நின்றார். இந்துக்களும் முஸ்லிம்களும் வழிபடும் பாபாபுடன்கிரியில் மத ஒற்றுமைக்காக நின்றார். சகோதரருடன் ஏற்பட்ட பிணக்குக்குப் பிறகு 2005இல் ‘கௌரி லங்கேஷ் பத்ரிகெ’யைத் தனியாகத் தொடங்கினார். அதிலும் விளம்பரம் கிடையாது. அவதூறு வழக்குகள் தொடர்ந்தன; 2016இல் ஒரு வழக்கில் ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, ஜாமீனில் வெளியே இருந்தார்.

தான் கண்டபடி எழுதுவது என்ற பொருளில் அவருடைய ஆசிரியர் பத்திக்கு ‘கண்டஹாகெ’ என்று பெயர். அதில் கடைசியாக அவர் எழுதியது பொய்ச் செய்திகளைப் பற்றி. அவை எங்கே உருவாகின்றன, எப்படிப் பரப்பப்படுகின்றன, யார் அவற்றைப் பொறுமையாக உடைத்துக் காட்டுகிறார்கள் என்பதைப் பற்றி. இதழில் அச்சிடப்பட்ட தேதி 2017 செப்டம்பர் 13. செப்டம்பர் 5ஆம் நாள் இரவு, ராஜராஜேஸ்வரி நகரில் வீட்டு வாசலில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.